சட்டம் கட்டிய அறைகள்: பிரிட்டிஷ் பப்பின் உள்ளமைப்பு வரலாறு

நாட்டிங்ஹாம் கோட்டைப் பாறையின் குகைகளை ஒட்டி நிற்கிறது 'யே ஓல்ட் டிரிப் டு ஜெருசலேம்' என்னும் பப். சுவரில் 1189 என்று எழுதியிருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. உள்ளே தொங்கும் சிறு கப்பல் ஒன்றைத் துடைத்தவர் உயிரோடு இருக்கமாட்டார் என்ற நம்பிக்கையால் அதன்மேல் தூசி அடையாகப் படிந்திருக்கிறது. பரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரின் 'நட்ஷெல்' ஒரு சிற்றறைக்குள் அடங்கிய பப். அதன் கூரையிலிருந்து காய்ந்த பூனையுடல் ஒன்று தொங்குகிறது. கிழக்கு லண்டனின் போ பகுதியில் உள்ள 'விடோஸ் சன்' பப்பில், புனித வெள்ளியன்று கடற்படை வீரர் ஒருவர் கூரையில் கட்டிய வலைக்குள் ஒரு பன்னைச் சேர்ப்பது வழக்கம். கடலுக்குப் போய்த் திரும்பாத மகனுக்காக ஒரு கைம்பெண் ஆண்டுதோறும் எடுத்துவைத்த பன்கள் அவை என்கிறது ஊர்க்கதை.

பப்பின் வசீகரத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த விநோதங்களோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் ஒரே கடைக்கு மூன்று நான்கு வாசல்களும், ஆளுக்கொரு திசையில் திரும்பி உட்காரவைக்கும் சின்னஞ்சிறு அறைகளும், வெளியே இருப்பவர் கண்ணுக்கு எட்டாதபடி பூவேலை பொறித்த கண்ணாடிகளும் இவற்றைவிட விளக்கம் வேண்டுபவை. இவை எப்படி வந்தன? வரியும் உரிமச் சட்டமும் வர்க்க வேற்றுமையும் சேர்ந்தே இவற்றைக் கட்டின என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தில் பப் என்பது ஒரு வீடு. இடைக்கால இங்கிலாந்தில் ஏல் என்னும் பீர்வகையைக் காய்ச்சியவர்களில் பலர் பெண்கள். வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சியதை விற்றார்கள். 1552-இல், ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், ஏல் விற்பவர்கள் உள்ளூர் நீதிபதிகளிடம் உரிமம் பெறவேண்டும் என்று சட்டம் வந்தது. இடையில் ஏற்பட்ட சில விலக்குகளைத் தவிர்த்தால், அந்த அதிகாரம் 2005 வரை நீதிபதிகளிடமே இருந்து, பிறகுதான் உள்ளாட்சி மன்றங்களுக்குக் கைமாறியது. அந்த ஏல் வீடுகளில் கவுண்டர் கிடையாது. வந்தவர் அடுக்களையிலோ கூடத்திலோ உட்காருவார். பீப்பாயிலிருந்து பிடித்த குவளை அவரைத் தேடி வரும். பெர்க்‌ஷயரின் ஆல்ட்வொர்த் கிராமத்தில் உள்ள 'பெல்' விடுதியில் இந்த அமைப்பின் சாயலை இன்றும் பார்க்கலாம். அங்கே சுவரில் உள்ள திறப்பின் வழியாகத்தான் பரிமாறுகிறார்கள். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருந்ததால், மாற்றி அமைக்கும் எண்ணம் கொண்ட புது முதலாளி யாரும் அதற்குள் நுழையவில்லை.

கவுண்டர் வந்தது ஜின்னால். 1797-இல் ஜோசஃப் பிராமா பீரை நிலவறையிலிருந்து மேலே இழுக்கும் கைப்பம்புக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். நின்ற இடத்திலேயே ஊற்றிக் கொடுப்பதற்கான கருவி இவ்வாறு கிடைத்தது. 1825-இல் அரசு ஜின் முதலிய மதுவகைகளின் மீதான வரியைக் குறைத்ததும் ஜின் கடைகள் பெருகின. நீண்ட கவுண்டர், எரிவாயு விளக்கு, பெரிய கண்ணாடிச் சன்னல் என்று அவை அன்றைய புதுப்பாணிக் கடைகளின் தோற்றத்தை எடுத்துக்கொண்டன. ஏழைக் குடியிருப்புகளின் நடுவே மின்னிய அந்தக் கடைகளைப் பற்றி டிக்கன்ஸ் எழுதியிருக்கிறார். ஜின்னிலிருந்து மக்களைப் பீரின் பக்கம் திருப்பப் பிரதமர் வெலிங்டனின் அரசு 1830-இல் வேறொரு சட்டம் கொண்டுவந்தது. உள்ளூர் வரி செலுத்தும் எவரும், நீதிபதிகளைப் பார்க்காமலே, இரண்டு கினி கட்டணத்தில் பீர் விற்கலாம். சில ஆண்டுகளிலேயே பல்லாயிரம் பீர் வீடுகள் முளைத்தன. தெருக்கோடி வீட்டின் முன்னறையே பப் ஆனது. தொழிலாளர் தெருக்களின் மூலைதோறும் பப் இருந்ததற்கு இந்தச் சட்டமே முதற்காரணம்.

அடுத்த கட்டத்தில்தான் இன்று நாம் வியக்கும் உள்ளமைப்பு பிறக்கிறது. 1869-இல் பீர் வீடுகள் மீண்டும் நீதிபதிகளின் பிடிக்குள் வந்தன. 1891-இல் 'ஷார்ப் எதிர் வேக்ஃபீல்ட்' வழக்கில், உரிமத்தைப் புதுப்பிக்க மறுக்கும் விருப்புரிமையும் நீதிபதிகளுக்கு உண்டு என்று பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. புது உரிமம் அரிதாயிற்று. கையில் இருந்த உரிமத்தின் விலை ஏறியது. பங்குச் சந்தையில் பணம் திரட்டியிருந்த பீர் ஆலைகள், தங்கள் பீரை மட்டுமே விற்கும் கடைகளாகப் பப்புகளை வாங்கிக் குவித்தன. கொடுத்த விலையை ஈட்டவேண்டும். அதோடு, இது கண்ணியமான இடம் என்று நீதிபதிகளுக்குக் காட்டவும் வேண்டும். மஹோகனி மரமும் செதுக்கிய கண்ணாடியும் வண்ண ஓடுகளும் இந்த இரட்டைத் தேவையிலிருந்து வந்தவை. லிவர்பூலின் 'ஃபில்ஹார்மோனிக்' பப்பில் ஆண்கள் கழிப்பறைகூடச் சலவைக்கல்லால் ஆனது. 2020-இல் அக்கட்டடம் முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் ஏறியது.

அறைகளைப் பிரித்தது வர்க்கம். பப்ளிக் பாரில் வெறும் மரத்தரை, மலிவான பீர், வேலை உடையோடு வரும் ஆட்கள். சலூன் பாரில் கம்பளம், மெத்தை இருக்கை, சற்றே கூடுதல் விலை. ஸ்னக் எனப்படும் சிற்றறையில், பிறர் பார்வைக்கு ஒதுங்க விரும்பிய பெண்கள் உட்கார்ந்தார்கள். குடத்தில் வாங்கிப்போக வருபவர்களுக்குத் தனி வாசல். பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதியில் 1901-இல் கட்டிய 'பார்ட்டன்ஸ் ஆர்ம்ஸ்' பப்பில், கவுண்டரின் மேல் முகமட்டத்தில் சுழலும் சிறு கண்ணாடிக் கதவுகள் இன்றும் இருக்கின்றன. பணக்கார வாடிக்கையாளர் அவற்றை மூடிக்கொண்டால், ஊற்றிக் கொடுப்பவருக்கும் எதிர்ப்பக்கம் நிற்கும் தொழிலாளிக்கும் அவர் முகம் தெரியாது. இவ்வளவு அழகான வேலைப்பாட்டை இவ்வளவு கசப்பான நோக்கத்துக்காகச் செய்திருக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டு அந்தக் கண்ணாடியை மெச்ச என்னால் முடியவில்லை.

மறைவிடங்களை நீதிபதிகளும் காவல்துறையும் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். கண்ணுக்கு எட்டாத மூலையில் என்ன நடக்கிறதோ என்ற கவலை அவர்களுக்கு. 1902-ஆம் ஆண்டுச் சட்டம், கட்டட மாற்றங்களின் மீதும் அவர்களுக்கு அதிகாரம் தந்தது. முதல் உலகப் போரில் கார்லைல் வட்டாரப் பப்புகளை, அருகே கிரெட்னாவில் இருந்த வெடிமருந்து ஆலையின் பொருட்டு, 1916-இல் அரசே எடுத்துக்கொண்டது. அங்கே கட்டடக் கலைஞர் ஹாரி ரெட்ஃபெர்ன் மறைவிடங்கள் குறைந்த, உணவுக்கு இடம் தரும் விசாலமான பப்புகளை வடிவமைத்தார். 1970களின் தொடக்கம்வரை அந்த அரசுடைமை நீடித்தது.

1946-இல் ஜார்ஜ் ஆர்வெல் தம் கற்பனை இலட்சியப் பப்பை விவரித்தபோது, அதில் பப்ளிக் பார், சலூன் பார், பெண்களுக்கான பார், வாங்கிப்போக ஒரு தனியிடம் என்று அறைகளைத்தான் வரிசையாகச் சொன்னார். அவர் எழுதியதற்குப் பின்வந்த முப்பது ஆண்டுகளில் அந்த அறைகள் வேகமாக இடிந்தன. ஒரே கூடமாக்கினால் ஆள்கூலி குறையும், கண்காணிப்பு எளிது என்று பெரிய ஆலைகள் கணக்குப் போட்டன.

ஆனால் இந்த இழப்பை நினைத்து வருந்துபவர்கள், சுவர்களுக்கு இருந்த இன்னொரு பயனையும் நினைக்கவேண்டும். பர்மிங்ஹாமை ஒட்டிய ஸ்மெதிக்கில் 1960களில் பல பப்புகள் கறுப்பினத்தவரையும் இந்தியர்களையும் பப்ளிக் பாரோடு நிறுத்தின. நல்ல அறைகளில் அவர்களுக்கு ஊற்ற மறுத்தன. 1965 பிப்ரவரி 12 அன்று அங்கே வந்த அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ், இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அவ்தார் சிங் ஜோலுடன் 'புளூ கேட்ஸ்' பப்புக்குப் போய் இந்த நிறவேற்றுமையை நேரில் கண்டார். ஒன்பது நாளில் அவர் கொல்லப்பட்டார். அந்த ஆண்டின் இறுதியில் வந்த இன உறவுச் சட்டம், பொதுவிடங்களில் நிற வேற்றுமை காட்டுவதைத் தடைசெய்தது. பிறகு அதே வட்டாரத்தில் பஞ்சாபியர்கள் பப்புகளை வாங்கி நடத்தினார்கள். சுட்ட இறைச்சியும் பீரும் ஒரே மேசைக்கு வரும் 'தேசி பப்' அப்படி உருவானது. பெண்களுக்கோ, லண்டன் ஃபிளீட் தெருவின் 'எல் வினோ' மதுக்கூடத்தில் கவுண்டரில் நின்று குடிக்கும் உரிமை 1982-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழியாகத்தான் கிடைத்தது.

சுவர்களின் வேலை இவ்வாறு முடிந்தபோதுதான் அவற்றின்மேல் அன்பு பிறந்தது. ஆலைகளின் வாயு ஏற்றிய பீரை எதிர்த்து 1971-இல் தொடங்கிய 'காம்ரா' இயக்கம், பீரோடு நில்லாமல் பழைய உள்ளமைப்புகளையும் கணக்கெடுத்தது. நாடெங்கும் இருக்கும் பல்லாயிரம் பப்புகளில் சில நூறே அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. 1989-இல் அரசு பெரிய ஆலைகளின் பப் உடைமைக்கு வரம்பு கட்டியது. விற்கப்பட்ட கடைகள் ஆயிரக்கணக்கில் சொத்து நிறுவனங்களிடம் போயின. பீர் விற்பதைவிட மனையை விற்பது இலாபம் என்ற நிலை பரவலானது.

மேற்கு லண்டனின் 'கார்ல்ட்டன் டேவர்ன்', 1920களின் தொடக்கத்தில் கட்டியது. 2015 ஏப்ரலில், பாதுகாப்புப் பட்டியலில் சேரவிருந்த வேளையில், அனுமதியின்றி இடித்துத் தள்ளப்பட்டது. வெஸ்ட்மின்ஸ்டர் மன்றம் அதே செங்கல் வரிசையோடு திருப்பிக் கட்ட உத்தரவிட்டது. முன்னெச்சரிக்கையாகப் பதிவுசெய்து வைத்திருந்த படங்களும் அச்சுகளும் அதற்கு உதவின. 2021 ஏப்ரலில் அது மீண்டும் திறந்தது. சுரங்கம் தோண்டியதால் நிலம் இறங்கிச் சாய்ந்து நின்ற, ஸ்டாஃபோர்ட்ஷயரின் 'குரூக்கட் ஹவுஸ்' 2023 ஆகஸ்டில் விற்பனை முடிந்த சில நாளில் தீப்பற்றி, இரண்டே நாளில் இடிக்கப்பட்டது. தீக்கு முன் இருந்தபடியே திருப்பிக் கட்டவேண்டும் என்று உள்ளூர் மன்றம் 2024-இல் உத்தரவிட்டது.