பழைய மடக்குக்கூரைக் கார்களில் நீர்ச்சேதமும் கூரைப் பழுதும்

மேற்கூரையைத் துணியாலோ வைனிலாலோ அமைத்து, வேண்டும்போது பின்னால் மடித்து வைக்கும் கார்களை மடக்குக்கூரைக் கார் அல்லது கன்வெர்ட்டிபிள் என்பர். இருபது முப்பது ஆண்டு ஓடிய இத்தகைய காரில் தரைவிரிப்பு ஈரமாக இருந்தாலோ பூஞ்சை வாடை வீசினாலோ பழி முதலில் கூரைத்துணியின் மேல்தான் விழும். பணம் செலவழித்துப் புதுக்கூரை போட்ட பின்பும் அடுத்த மழையில் தரை நனைந்துவிடுவதுண்டு. இத்தகைய கார்களின் நீர்ச்சேதத்தை முதன்மையாக வடிகால் கோளாறாகவே கருத வேண்டும் என்பதும், பழுதுபார்ப்பு கீழிருந்து தொடங்கிக் கடைசியில்தான் கூரைக்கு வர வேண்டும் என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்து. இதைச் சோதித்துப் பார்க்க ஏற்ற கார், ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5. 1997 வரை ஹிரோஷிமாவில் கட்டப்பட்ட அதன் முதல் தலைமுறை மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேல் விற்றது. இன்றும் ஏராளமாக ஓடுவதாலும், அமைப்பு எளிமையானது என்பதாலும், அதன் நோய்கள் நன்கு அறியப்பட்டவை.

அந்தக் காரின் கூரையை ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே கையால் மடக்கிவிடலாம். அந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு: மடங்கும் துணியை உடலோடு வெல்டிங் செய்யவோ முழுக்க ஒட்டவோ முடியாது. துணியின் பின் விளிம்பு இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள மேடையைச் சுற்றி எஃகுப் பட்டைகளால் அழுத்திப் பிடிக்கப்பட்டிருக்கும். கூரையின் பின்சரிவில் இறங்கும் மழைநீர், வெளியுடலின் விளிம்புக்கும் துணிக்கும் இடையிலான இடுக்கில் நுழைந்துவிடும். நுழைய வேண்டும் என்பதே வடிவமைப்பு. அங்கே துணிக்கு அடியில் வளையும் பிளாஸ்டிக்கால் ஆன வாய்க்கால் போன்ற பட்டை ஒன்று நீரை ஏந்தி, இடமும் வலமுமாக இருக்கைப் பட்டைத் தூண்களின் அருகே கொண்டுபோய்விடும். அங்குள்ள துளைகளிலிருந்து பிளாஸ்டிக் வடிகுழாய்கள் இறங்கிப் பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால், காரின் அடியில் முடியும். நடுமுற்றம் வைத்துக் கட்டிய வீடு மழையை உள்ளே விட்டு முற்றத்துச் சாலகம் வழியே வெளியேற்றுவது போன்றதே இந்த ஏற்பாடு. சாலகம் அடைபட்டால் கூரை ஓடுகளை மாற்றி என்ன பயன்?

வடிகால் அடைபடுவதற்குப் பெரிய விபத்து எதுவும் தேவையில்லை. மரத்தடியில் நிற்கும் காரில் இலைச்சருகும் மகரந்தமும் சாலைத் தூசியும் கூரையின் பழைய நூலிழைகளும் துளைக்குள் சேர்ந்து மக்கிச் சேறாகும். நீர் ஏறி நிரம்பினால் அதற்கு இரண்டே வழி. மேடையைத் தாண்டி வழிந்து இருக்கைக்குப் பின்னாலும் காலடியிலும் இறங்குவது ஒன்று. குழாயின் இணைப்பு கழன்றோ விரிசல் கண்டோ இருந்தால் கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டத்துக்குள், அதாவது சில் எனப்படும் பகுதிக்குள் இறங்குவது மற்றொன்று. முதல் வழியில் சென்ற நீர் கண்ணில் பட்டுவிடும். இரண்டாவது வழியில் சென்றது ஆண்டுக்கணக்கில் தெரியாது. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 வாங்குவோர் பின்சக்கரத்துக்கு முன்னால் சில்லின் கடைசிப் பகுதியைத் தட்டிப் பார்ப்பதும், அங்கே பெயின்ட் கொப்புளித்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும் இதனால்தான். வெளியிலிருந்து சக்கரம் வாரியடிக்கும் ஈரமும், குளிர்நாடுகளில் சாலையில் தூவும் உப்பும் இந்தத் துருவுக்குத் துணை செய்கின்றன என்பது உண்மையே. ஆனால் துரு பல வேளைகளில் உள்ளிருந்து வெளியே வருகிறது. பெயின்டில் கொப்புளம் தெரியும் நாளில் உள்தகடு அரித்துப் போயிருக்கும்.

சில்லின் துரு வெறும் அழகு சார்ந்த விஷயம் அன்று. சாதாரணக் காரில் இரும்புக் கூரை உடலின் விறைப்பில் பெரும் பங்கு ஏற்கிறது. கூரை இல்லாத காரில் அந்தச் சுமையின் பெரும்பகுதி தரைக்கும் சில்களுக்கும் வந்து சேர்கிறது. அதனால்தான் இத்தகைய கார்களின் சில்களைப் பல அடுக்குத் தகடுகளால் தடித்துக் கட்டுகிறார்கள். அவை பலவீனமானால் மேடுபள்ளத்தில் உடல் முறுக்கிக்கொள்ளும், கதவு சரியாகப் பொருந்தாது, கதவுக் கண்ணாடி ரப்பர் பீடிங்கில் சரியாக உட்காராது. பின்னர் அந்த இடைவெளி வழியாகவும் மழை வரும். கீழே தொடங்கிய துரு மேலே ஒழுக்காகத் திரும்பி வருவதைக் கூரைத்துணியின் குற்றம் என்று தவறாகப் படிப்பது எளிது. பிரிட்டனின் ஆண்டுத் தகுதிச் சோதனையான எம்ஓடி, இருக்கைப் பட்டை, சஸ்பென்ஷன் போன்றவை பொருத்தப்பட்ட இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் கடுமையான துரு இருந்தால் காரைத் தள்ளிவிடும். எம்எக்ஸ்-5இன் சில் கடைசிப் பகுதி அத்தகைய இடங்களை ஒட்டியே அமைந்திருக்கிறது.

பழைய துணி கண்கூடாக ஒழுகும்போது வடிகாலைப் பற்றிப் பேசுவது ஏன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, கூரைகள் நைந்து போவது உண்மை. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5க்கு வைனில் கூரையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பின் ஜன்னலும் இருந்தன. வெயிலில் அந்த ஜன்னல் மஞ்சளாகிக் கெட்டிப்படும். ஜிப்பைத் திறக்காமல் குளிரில் மடக்கினால் வெடிக்கும். 1998இல் வந்த இரண்டாம் தலைமுறை கண்ணாடி ஜன்னலுக்கு மாறியது. விலை உயர்ந்த கார்களில் காணப்படும் துணிக்கூரை மூன்றடுக்கு: மேலே சாயமேற்றிய அக்ரிலிக் நெசவு, நடுவே நீரைத் தடுக்கும் ரப்பர் படலம், அடியில் பருத்தி அல்லது பாலியெஸ்டர் துணி. நீரை உண்மையில் தடுப்பது அந்த நடுப்படலமே. மேல்துணி நனைந்து கறுத்துத் தெரிவதாலேயே கூரை ஒழுகுகிறது என்று முடிவுகட்டக் கூடாது. நீர்விலக்கிப் பூச்சை மீண்டும் அடித்தாலே போதும். படலம் மடிப்புகளில் வெடித்திருந்தாலோ, தையல் நூல் மக்கியிருந்தாலோ, சட்டத்தில் உரசி ஓட்டை விழுந்திருந்தாலோ கூரையை மாற்றத்தான் வேண்டும். இந்தக் கோளாறுகள் அனைத்தும் நீர் சொட்டும் இடத்திலேயே கையால் தொட்டு அறியக்கூடியவை. தலைக்கு மேல் சொட்டாமல் காலடி மட்டும் நனைகிறதென்றால் அங்கே கூரைத்துணி சந்தேக வரிசையில் கடைசியில் நிற்க வேண்டியது.

இதை ஊகத்தால் முடிவு செய்ய வேண்டியதில்லை. கூரையைப் பாதி தூக்கி, வடிகால் துளைகளைத் தேடி, ஒரு சிறு குவளை நீரை ஒவ்வொன்றிலும் மெதுவாக ஊற்றினால் சில நொடிகளில் காரின் அடியில் அது கொட்ட வேண்டும். கொட்டவில்லை, அல்லது சொட்டுச் சொட்டாக வருகிறது என்றால் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. வடிகால் நன்றாக இருந்தால், கூரையை மூடி, ஒருவர் உள்ளே அமர, இன்னொருவர் குழாய் நீரைக் கீழிருந்து மேலாகப் பகுதி பகுதியாக விட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இடத்துக்கும் ஓடி, எங்கே நுழைந்தது என்று சொல்ல முடியாமல் போகும். முன்கண்ணாடிச் சட்டத்தின் மூலை, கதவுக் கண்ணாடியின் மேல் விளிம்பு, பின்புற வாய்க்கால் பட்டை ஆகிய மூன்று இடங்களில் கவனம் வேண்டும். கதவை மூடும்போது பீடிங்குக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஒரு காகிதத் துண்டை வைத்து இழுத்தால், எளிதாக உருவி வரும் இடத்தில் அழுத்தம் போதவில்லை என்று தெரியும். சட்டமில்லாத கண்ணாடிகளை உள்ளே தள்ளி நிறுத்தும் திருகுகளும், கூரைக் கொக்கியின் இறுக்கத்தைக் கூட்டும் அமைப்பும் பெரும்பாலான கார்களில் உண்டு. புது பீடிங் வாங்குவதற்கு முன் இவற்றைச் சரிசெய்து பார்ப்பது நல்லது.

கதவையும் மறக்கலாகாது. கண்ணாடியின் வெளிப்புறமாக வழியும் நீர் எப்போதும் கதவுக்குள் இறங்கி, அடிவிளிம்புத் துளைகளால் வெளியேறும். உள் பலகைக்குப் பின்னால் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் அந்த நீரைக் கதவுக்குள்ளேயே நிறுத்துகிறது. ஸ்பீக்கர் மாற்றும்போது அதைக் கிழித்துவிட்டு ஒட்டாமல் விடுவது மிகச் சாதாரணம். அப்போது தரை நனையும். கூரைக்கும் அதற்கும் தொடர்பே இருக்காது. டிக்கியில் நீர் நின்றால் பின்விளக்குகளின் ரப்பர் வாஷரையும் வாய்க்கால் பட்டையின் விரிசலையும் பார்க்க வேண்டும். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் பேட்டரியும் டிக்கியில்தான் இருக்கிறது என்பதால் அங்கே நிற்கும் நீரை அலட்சியப்படுத்தலாகாது.

சிலிக்கான் பூசி எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டால் மலிவாக முடியுமே என்பது அடுத்த வாதம். பலரும் நம்பிச் செய்யும் இந்த வேலை கேடு விளைவிப்பது. நீர் நுழையும் இடுக்கு சிலவற்றை அடைத்தால் அது வேறு இடுக்கைத் தேடும். வெளியேறும் இடுக்கை அடைத்தால் உள்ளேயே தேங்கும். சிலிக்கான் படிந்த தகட்டில் பின்னர் பெயின்டும் பசையும் ஒட்டாது. அடைபட்ட வடிகாலைக் கம்பியால் குத்துவதும் இதே வகைத் தவறு. கம்பி சேற்றோடு குழாயையும் துளைத்துவிடும். அழுத்தக் காற்று குழாயை இணைப்பிலிருந்து கழற்றிவிடும். அதன்பின் மேலே ஊற்றும் நீர் தடையின்றி இறங்குவதால் வேலை முடிந்தது என்று தோன்றும், ஆனால் அது சில்லுக்குள் போய்க்கொண்டிருக்கும். எனவே ஊற்றிய நீர் அடியில் வருகிறதா என்று பார்ப்பதே சோதனை, மேலே மறைகிறதா என்று பார்ப்பது அன்று. வளையும் நைலான் இழையையும் வெதுவெதுப்பான நீரையும் கொண்டு பொறுமையாகச் சுத்தம் செய்ய வேண்டும்.

நனைந்த உட்புறத்தைக் காய வைப்பதில் அவசரம் பெரும் இழப்பைத் தரும். தரைவிரிப்பின் மேல் கையை வைத்தால் உலர்ந்ததுபோல் இருக்கும். அடியில் உள்ள தடித்த பஞ்சு மெத்தை வாரக்கணக்கில் நீரை வைத்திருக்கும். கதவைத் திறந்துவிட்டு வெயிலில் நிறுத்துவதால் அது காயாது. இருக்கைகளைக் கழற்றி, விரிப்பை முழுக்க வெளியே எடுத்து, தரையில் உள்ள ரப்பர் அடைப்பான்களையும் நீக்கித்தான் காய வைக்க வேண்டும். அதற்கும் முன்னால் பேட்டரி இணைப்பைத் துண்டிப்பது அவசியம், ஏனென்றால் மின்சாரம் ஓடும் ஈரமான இணைப்பு வெறும் ஈரத்தைவிட வேகமாக அரிக்கும். இந்த எச்சரிக்கையின் அருமையை 1996இல் வந்த போர்ஷே பாக்ஸ்டர் காட்டுகிறது. அதன் கதவுப் பூட்டு, அலாரம், இம்மொபிலைசர் ஆகியவற்றை ஆளும் மின்னணுப் பெட்டி இருக்கைக்கு அடியில் தரையை ஒட்டி இருக்கிறது. கூரை வடிகால் அடைபட்டுத் தரையில் நீர் ஏறியதும் கார் ஸ்டார்ட் ஆகாமல் போகிறது. பெட்டியை மாற்றினால் சாவிக் குறியீடுகளையும் புதிதாகப் பதிய வேண்டும். கைப்பிடிச் சருகு இவ்வளவு செலவை வைக்கும் என்பதே வடிகால் வாதத்துக்கு வலுவான சான்று.

சில் ஏற்கெனவே அரித்திருந்தால் பட்டி பூசி மறைப்பதும், அரித்த தகட்டின் மேலேயே புதுத் தகட்டை பேட்ச் அடிப்பதும் வேலையாகாது. உள் அடுக்குகள் தொடர்ந்து மக்கும். வெளிப்பார்வைக்குப் புதிதாகத் தெரிவதால் அடுத்து வாங்குபவர் ஏமாறுவார். நல்ல தகடு வரும்வரை வெட்டி, உள்தகட்டிலிருந்து ஒவ்வோர் அடுக்காகக் கட்டி வர வேண்டும். கதவுத் திறப்பின் அளவு மாறாதபடி வெட்டுவதற்கு முன் உடலைத் தாங்கி முட்டுக்கொடுப்பது கட்டாயம். முடிந்ததும் பெட்டிக்குள் மெழுகு வகைத் துருத்தடுப்பானைப் பீய்ச்ச வேண்டும்.

பழைய காருக்கு இத்தனை செலவா என்ற கேள்விக்குப் பதில், செலவின் வரிசையிலேயே இருக்கிறது. வடிகாலைச் சுத்தம் செய்ய ஏறக்குறைய எதுவும் ஆகாது. கூரை மாற்ற ஓரளவு செலவாகும். சில் வெல்டிங் இரண்டையும் மிஞ்சும், சில கார்களில் காரின் விலையையே மிஞ்சும். வடிகாலை விட்டுவிட்டுக் கூரையை மாற்றுபவர் நடுச்செலவைச் செய்துவிட்டுப் பெருஞ்செலவுக்கும் வழி திறக்கிறார். வரிசை சரியாக இருந்தால் கூரை மாற்றுவது மனநிறைவான வேலைதான். பழைய துணியை இறக்கும்போது மேடை முழுவதும் திறந்து கிடக்கும். வாய்க்கால் பட்டையைச் சேர்த்தே மாற்றவும், வடிகுழாய்களைப் பார்க்கவும் அதைவிட நல்ல வேளை கிடைக்காது. பழைய பட்டையையே திரும்பப் போட்டு மிச்சம் பிடிப்பவர், அது வெடிக்கும் நாளில் புதுக்கூரையை மீண்டும் கழற்ற வேண்டியிருக்கும். உதிரிபாகம் கிடைக்காது என்ற தயக்கமும் இந்தக் காரைப் பொறுத்தவரை குறைந்திருக்கிறது. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5களைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை மாஸ்டா 2017இல் ஜப்பானில் அறிவித்து, கூரை உட்படச் சில பாகங்களை மீண்டும் தயாரிக்கத் தொடங்கியது. புதுக்கூரையை வெயில் உள்ள நாளில், துணி இளகியிருக்கும்போது இழுத்துப் பொருத்தி, முதல் சில வாரங்கள் மடக்காமல் மூடியே வைத்தால் மடிப்புச் சுருக்கங்கள் நீங்கிச் சட்டத்தோடு படிந்துவிடும். வடிகால்களில் நீரூற்றிப் பார்க்கும் வேலையை அதன் பின்னும் ஆண்டுக்கு இருமுறை, இலையுதிர் காலம் முடிந்ததும் ஒருமுறையும் மழைக்காலத்துக்கு முன் ஒருமுறையும், செய்துவர வேண்டும்.