நிரல் அறியாதோரின் வலைப்பதிவு
1990களின் பிற்பகுதியில் இணையத்தில் நாட்குறிப்பு எழுத விரும்பியோர் பெரும்பாலும், பக்கத்தின் அமைப்பை உலாவிக்கு உணர்த்தும் குறிமொழியான எச்டிஎம்எல்லைக் கற்று, கோப்புகளைத் தாமே வழங்கிக் கணினியில் ஏற்ற வேண்டியிருந்தது. 1999இல் பைரா லேப்ஸ் வெளியிட்ட பிளாகர், படிவத்தில் எழுதிப் பொத்தானை அழுத்தினால் போதும் என்ற நிலையை உருவாக்கியது; 2003இல் கூகுள் அதை வாங்கியது. அதே ஆண்டு தோன்றிய வேர்ட்பிரஸ், எவரும் மாற்றிப் பகிரத்தக்க கட்டற்ற மென்பொருளாயினும், நிறுவுவதற்குத் தனி வழங்கியைக் கோரியதால், 2005இல் வேர்ட்பிரஸ்.காம் வரும்வரை நிரல் அறியாதோருக்கு எளிதில் எட்டவில்லை.

தமிழருக்கோ தளத்தேர்வைவிட எழுத்துருவே பெருந்தடையாக இருந்தது. எழுத்துருக்கள் வெவ்வேறு குறியீட்டு முறைகளைக் கொண்டிருந்தமையால், உரிய எழுத்துரு இல்லாத வாசகருக்குப் பக்கம் பொருளற்ற குறிகளாகவே தெரிந்தது. உலக மொழிகளுக்குப் பொதுவான ஒருங்குறி பரவிய பின்னரே பிளாகரின் எளிமை தமிழுக்கு முழுமையாகப் பயன்பட்டது. பெருகிய வலைப்பூக்களின் புதிய இடுகைகளை ஓரிடத்தில் தொகுத்துக் காட்டும் திரட்டியான தமிழ்மணம், அவற்றுக்கு வாசகரையும் தேடித் தந்தது.