தொப்பியிலிருந்து இறங்கிய கொக்கு!

கோடை முடியப்போகும் ஒரு அதிகாலை. கழுத்தில் பைனாகுலரோடு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடலோரச் சதுப்பு நிலத்தில் நீங்கள் வாக்கிங் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை வெளேரென்று கொக்குகள் நிற்கும். தெற்கே குஞ்சு பொரித்து முடித்துவிட்டு, இரை தேடி வடக்கே வந்தவையும் அதில் உண்டு. 'கொக்குதானே, இதிலென்ன அதிசயம்?' என்கிறீர்களா? 1900-ல் போயிருந்தால் ஒன்றைப் பார்ப்பதே குதிரைக்கொம்பு. காரணம், தொப்பி!

1886-ல் ஃபிராங்க் சாப்மன் என்கிற பறவைப் பித்தர் நியூயார்க் கடைவீதியில் இரண்டு நாள் நடந்தார். எண்ணியது பெண்களின் தொப்பிகளை! 700 தொப்பிகளில் 542-ல் இறகு. சிலவற்றில் முழுப் பறவையே உட்கார்ந்திருந்தது. சுமார் 40 வகைகளை அவர் அடையாளம் கண்டார்.

கொக்கின் முதுகில் அந்த மெல்லிய இறகுகள் முளைப்பது கூடு கட்டும் காலத்தில்தான். தாயைச் சுட்டால் கூட்டில் குஞ்சுகள் பட்டினியில் சாகும். ஒரு தொப்பிக்காக ஒரு குடும்பமே காலி. அந்த இறகு தங்கத்தைவிட அதிக விலைக்குப் போனது என்றால், யார் விடுவார்கள்?

அந்தக் காலத்தில் பறவையை ஆராய்வது என்றாலே துப்பாக்கிதான். ஓவிய மேதை ஆடுபனே சுட்டு, கம்பியில் நிறுத்தி வைத்துத்தான் வரைந்தார்! 1889-ல் ஃப்ளாரன்ஸ் மெரியம் என்ற இளம்பெண், நாடகம் பார்க்க வைத்திருக்கும் சின்னக் கண்ணாடி போதும், பறவையை உயிரோடு ரசிக்கலாம் என்று புத்தகமே எழுதினார். 1896-ல் பாஸ்டனில் ஹாரியட் ஹெமன்வே, மின்னா ஹால் என்ற இரு சீமாட்டிகள், பணக்காரத் தோழிகளை டீக்கு அழைத்து அழைத்தே இறகுத் தொப்பியைக் கைவிட வைத்தார்கள்.

எல்லாம் டீயிலேயே முடிந்துவிடவில்லை. ஃபுளோரிடாவில் கொக்குகளுக்குக் காவல் இருந்த கை பிராட்லி, 1905 ஜூலையில் வேட்டைக்காரரால் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் மேல் வழக்கு விசாரணைகூட நடக்கவில்லை. நாடே கொதித்தது. 1910-ல் நியூயார்க் மாநிலம் உள்நாட்டுப் பறவைகளின் இறகு விற்பனையைத் தடை செய்தது. 1918-ல் வலசைப் பறவைகளைக் காக்க நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. கொக்குகளும் மெல்லத் திரும்பி வந்தன.

அடுத்த முறை வயல் வரப்பில் ஒரு கொக்கைப் பார்த்தால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அதை உயிரோடு நின்று ரசிப்பதே மனிதன் தாமதமாகக் கற்றுக்கொண்ட பழக்கம்தான்!