ஒல்லாந்தர் வைத்தியசாலையில் ஓர் இரவுணவு

"பெரியப்பா, பின்னேரம் டச்சு ஹொஸ்பிட்டலுக்குப் போவமா?"

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் தம்பியின் மகள் ஒரு மார்கழிக் காலையில் இவ்வாறு கேட்டபோது, அடுப்படியில் நின்ற என் மனைவி கையில் அகப்பையுடன் ஓடிவந்து, "ஆருக்குப் பிள்ளை சுகமில்லை?" என்றார். கோட்டையில் உள்ள பழைய வைத்தியசாலைக் கட்டடம் இப்போது உணவகங்களும் கடைகளும் நிறைந்த இடம் என்பதையும், கொழும்புக்கு வரும் வெளிநாட்டார் கட்டாயம் போகவேண்டிய இடங்களில் ஒன்றாக அது பட்டியலிடப்படுகிறது என்பதையும் பிள்ளை தன் கைத்தொலைபேசியில் காட்டி விளக்கினாள். நான் ஒன்றும் பேசவில்லை. நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். அதில் பெரும்பகுதி இரவுப் பணி. கோட்டையின் இரவை எனக்கு யாரும் காட்டவேண்டியதில்லை என்ற ஒரு செருக்கு இருந்தது. அத்துடன், அவள் தந்தை ஏன் இந்த நாட்டை விட்டுப் போனார் என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

கொழும்பில் இடப்பெயர்கள் பார்ப்பவனை ஏமாற்றுவன. நாம் வசிக்கும் ஹெவ்லொக் டவுன், 1890 முதல் 1895 வரை இங்கு ஆளுநராக இருந்து, பின்னர் சென்னைக்கும் ஆளுநராகிப் போன சேர் ஆதர் ஹெவ்லொக்கின் பெயரைத் தாங்கியது. கோட்டை எனப்படும் இடத்திலோ கோட்டை இல்லை. கோட்டைப் புகையிரத நிலையம் உண்மையில் புறக்கோட்டையில் நிற்கிறது. புறக்கோட்டை என்ற நம் சொல், அது மதிலுக்கு வெளியே இருந்த ஊர் என்பதைச் சொல்லாமற் சொல்கிறது. ஆங்கிலேயர் அதனைப் 'பெட்டா' என்றதும் நமது பேட்டையிலிருந்து பிறந்ததே.

மதிலைக் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். 1518இல் அவர்கள் இட்ட அடித்தளத்தை, ஏறத்தாழ ஏழு மாத முற்றுகையின் பின்னர் 1656 மே மாதத்தில் ஒல்லாந்தர் கைப்பற்றினர். நகரைச் சுருக்கிக் கோட்டையைத் தமக்கேற்பத் திருத்தியமைத்தனர். 1796இல் ஆங்கிலேயர் வந்தபோது பெரும் போர் எதுவும் நிகழவில்லை, சரணாகதியே நிகழ்ந்தது. அந்த ஆங்கிலேயரே 1869 தொடக்கம் 1871 வரையான காலத்தில் மதில்களை இடித்தனர். பாதுகாப்பை விட வணிகத்துக்கு இடம் தேவைப்பட்டது. 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் கிழக்கு நோக்கிய கப்பல்களின் வழி மாறியது. 1875இல் அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. காலித் துறைமுகத்தின் காலம் முடிந்து, நிலக்கரிக்கும் தண்ணீருக்கும் கப்பல்கள் கொழும்பில் தரித்தன.

கோட்டையின் இரவு வாழ்க்கை என்று சொல்லத்தக்கது அப்போதுதான் தொடங்கியது. கப்பல் தரிக்கும் சில மணித்தியாலங்களில் பயணிகள் கரையேறுவர். அவர்களுக்கு உண்ண, உறங்க, மாணிக்கக்கல் வாங்க, குளிர்ந்த பானம் அருந்த இடம் வேண்டும். துறைமுக வாசலுக்கு எதிரே, படைவீரர் குடியிருப்பாக இருந்த கட்டடம் 1875 நவம்பரில் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டலாயிற்று. 1890இல் சகலின் தீவிலிருந்து திரும்பும் வழியில் இலங்கையில் இறங்கிய ரஷ்ய எழுத்தாளர் செக்கோவின் பெயரில் இன்றும் அங்கே ஓர் அறை உண்டு. யோர்க் வீதியில் சிவப்பு நிறத்தில் உயர்ந்து நிற்கும் கார்கில்ஸ் கட்டடம் 1906இல் எழுந்தது. வெயிலும் மழையும் படாது நடப்பதற்கு வளைவுத் தாழ்வாரங்கள் அமைந்தன. இவையெல்லாம் வந்து போகிறவர்களுக்காகவே கட்டப்பட்டவை. இந்நகரத்தவன் அங்கே எழுதுவினைஞனாகவோ பரிசாரகனாகவோ மூட்டை சுமப்பவனாகவோதான் நுழைந்தான் என்பதை அன்று வழிநெடுகப் பிள்ளைக்குச் சொன்னேன். அவள் படம் எடுத்துக்கொண்டு கேட்டாள்.

நேரே கோட்டைக்குப் போகாமல், கொச்சிக்கடையில் இறங்கி நடந்தோம். இது என் பிடிவாதம். பொன்னம்பலவாணேசர் கோயிலில் மாலைப் பூசை நடந்துகொண்டிருந்தது. 1857இல் பொன்னம்பல முதலியார் கட்டிய ஆலயத்தை அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுவதும் கருங்கல்லால் எடுப்பித்தார். விளக்கொளியில் அந்தக் கல்தூண்களைப் பார்ப்பவர் கொழும்பில் நிற்பதை மறந்துவிடுவர். அருகிலேயே புனித அந்தோனியார் திருத்தலம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று வழிபாட்டின்போது குண்டு வெடித்த இடம். இப்போது அங்கே பைகளைச் சோதித்தே உள்ளே விடுகின்றனர். பிள்ளை தன் பையைத் திறந்து காட்டத் தடுமாறினாள். நான் தடுமாறவில்லை. பழக்கம்.

அங்கிருந்து செட்டியார் தெரு. நகைக்கடைகளின் வெளிச்சம் தெருவிலே விழுந்துகிடந்தது. கதிரேசன் கோயில்களின் முன் நின்று அவளுக்கு ஆடிவேல் விழாவைப் பற்றிக் கூறினேன். கொழும்புத் தமிழனின் இரவு வாழ்க்கை எதுவெனக் கேட்டால் நான் அதனையே சொல்வேன். செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் வேல், புறக்கோட்டை, கோட்டை, காலிமுகத்திடல் வழியாகக் காலி வீதியில் ஊர்ந்து பம்பலப்பிட்டியை அடையும். வீதியின் இருமருங்கும் கரும்பும் மஸ்கட்டும் வளையலும் விற்கும் கடைகள். தமிழர் மட்டுமல்லர், சிங்களவரும் முஸ்லிம்களும் பறங்கியரும் பிள்ளைகளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு நிற்பர். ஆண்டு முழுவதும் வெள்ளைக்காரனுக்கும் வங்கிகளுக்கும் உரியதாயிருந்த கோட்டை வீதி, அந்த ஓர் இரவில் நம்முடையது போலிருக்கும். 1983 யூலைக்குப் பின்னர் சில ஆண்டுகள் தேர் வீதிக்கு வரவில்லை. பின்பு வந்தது, எனினும் பழைய கூட்டத்தை நான் காணவில்லை.

மெயின் வீதி வழியாகக் கோட்டையை நோக்கி நடக்கையில் பிள்ளை கண்ட காட்சி சிவப்புப் பள்ளிவாசல். 1908இல் கட்டத் தொடங்கியது. சிவப்பும் வெள்ளையுமான வரிகளும் மாதுளம்பழக் குமிழ்களும் கொண்ட இக்கட்டடத்தை நாங்கள் நாள்தோறும் கடந்துபோனோமே தவிர, நிமிர்ந்து பார்த்ததில்லை. சுற்றுலாக்காரர் வரத்தொடங்கியதால் விளைந்த நன்மைகளில் ஒன்று, நாமும் நிமிர்ந்து பார்க்கக் கற்றதே.

இனி வைத்தியசாலைக்கு வருவோம்.

கோட்டைப் பகுதியில் எஞ்சியுள்ள கட்டடங்களில் மிகப் பழையது இதுவெனக் கொள்ளப்படுகிறது. எப்போது கட்டப்பட்டதெனத் திட்டமான ஆண்டு கிடைக்காவிடினும், 1681 அளவில் இயங்கிக்கொண்டிருந்தமைக்கு, கம்பனிச் சேவையில் இங்கிருந்த ஜெர்மானியர் கிறிஸ்தோபர் ஷ்வைட்சரின் குறிப்பு சான்றாகும். மாதக்கணக்கில் கடலிற் கிடந்து நோயுற்ற மாலுமிகளை விரைவாகக் கொண்டுவருவதற்காகத் துறைமுகத்துக்கு அண்மையில் அமைத்தனர். ஐந்து நீண்ட கூடங்கள், இடையே இரண்டு முற்றங்கள். சுமார் அரை மீற்றர் தடித்த சுவர்கள், பெரும் தேக்குமர உத்தரங்கள், அரைவட்ட ஓடுகள். உள்ளே வெக்கை தெரியாது. அருகே ஓடிய கால்வாய் தூர்ந்து போய்விட்டது. 'கனல் றோ' என்ற வீதிப் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

1670களில் இங்கு கம்பனியின் மருத்துவராகப் பணியாற்றிய போல் ஹெர்மன், நோயாளரைப் பார்த்த நேரம் போக மிகுதியில் இலங்கையின் செடிகொடிகளைச் சேகரித்து உலர்த்தி வைத்தார். அவர் இறந்து அரை நூற்றாண்டு சென்றபின் அச்சேகரிப்பு லின்னேயஸின் கைக்குக் கிடைத்தது. அதை ஆதாரமாகக் கொண்டே 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. அத்தாள்கள் இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. நம் வேலியோரத்துச் செடிகள் உலகத் தாவரவியலில் பெயர் பெற்றதற்கும் இந்த மருத்துவரே ஒரு காரணம். இதனை நான் சொன்னபோது, உயிரியல் படித்த பிள்ளை முதன்முறையாகத் தொலைபேசியைக் கீழே வைத்தாள்.

ஆங்கிலேயர் காலத்திலும் பின்பும் கட்டடம் பல கைகள் மாறியது. 1980களிலும் 90களிலும் அது கோட்டைப் பொலிஸ் நிலையம். 1996 குண்டுவெடிப்பில் பலத்த சேதமுற்றுக் கிடந்ததை நகர அபிவிருத்தி அதிகாரசபை புதுப்பித்தது. 2011 டிசம்பரில் கடைத்தொகுதியாகத் திறந்தனர். அதே மாதத்தில் கிரிக்கெட் வீரர்களான மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் சமையற்கலைஞர் தர்ஷன் முனிதாசவுடன் சேர்ந்து இங்கு நண்டு உணவகமொன்றைத் தொடங்கினர். நமது களப்புகளில் பிடிபடும் பெருஞ்சேற்று நண்டுகள் பல்லாண்டுகளாகச் சிங்கப்பூருக்கு ஏற்றுமதியாகி, அங்கே 'சிறிலங்கன் கிராப்' எனப் புகழ்பெற்றிருக்க, கொழும்பில் அவற்றைக் காண்பது அரிதாயிருந்தது. அந்நிலையை மாற்றியது நல்ல காரியமே. நிறைப்படி விலை. ஓய்வூதியக்காரனுக்கு ஒத்துவராது. நாங்கள் வேறொரு கூடத்தில் அளவான உணவுக்குச் சொல்லிவிட்டு முற்றத்தில் அமர்ந்தோம். (ஒல்லாந்தர் வழிவந்த உணவை உண்மையில் விரும்புவோர் எமது வீட்டுக்கு அருகே றீட் அவனியூவிலுள்ள ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்துக்குச் சென்று, வாழையிலையில் பொதிந்து வேகவைத்த லம்ப்ரைஸ் வாங்கி உண்ணலாம். என் பரிந்துரை அதுவே.)

முற்றத்தில் இசை ஒலித்தது. மேசைகளில் வெள்ளையர், சீனர், இந்தியர், நம்மவரில் வசதியான இளையோர். நிமிர்ந்து பார்த்தால் ஓட்டுக்கூரைக்கு மேலே உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள்.

"இவ்வளவு கிட்ட இருக்கே, அப்பா வேலை செய்த இடம் எது?" எனக் கேட்டாள்.

சொன்னேன். 1996 ஜனவரி 31, புதன்கிழமை. அவள் தந்தை சதாம் வீதியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வாஃப் கிளார்க். காலையில் சுங்கத்துக்குக் கொண்டுபோன பத்திரமொன்றில் முத்திரை விடுபட்டிருந்தமையால், முகாமையாளர் ஏசி அவரை மீண்டும் அனுப்பினார். அவர் சுங்கத்தில் வரிசையில் நின்றபோது, பத்தே முக்கால் மணியளவில், விடுதலைப் புலிகளின் தற்கொலைக் குண்டு லொறி மத்திய வங்கி வாசலில் வெடித்தது. 91 பேர் மாண்டனர். காயமடைந்தோர் 1,400 பேருக்கு மேல். உயரமான கட்டடங்களின் கண்ணாடிகள் சிதறியதால் பார்வை இழந்தோர் பலர். தம்பியின் மேசைக்கு அடுத்த மேசையில் இருந்தவர் அவர்களுள் ஒருவர். காலியைச் சேர்ந்த சிங்களவர், தம்பிக்கு நாள்தோறும் சோற்றுப் பொதியில் பாதி கொடுத்தவர். தம்பி அவரை வைத்தியசாலையில் பார்க்கப் போனார். வாசல்வரை போய்த் திரும்பிவிட்டார். தமிழன் என்ற அடையாளத்துடன் அந்தக் குடும்பத்தின் முன் எப்படி நிற்பது என்று என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. அடுத்த ஆண்டு கனடா போனார்.

அன்றிரவு நான் பத்திரிகைக்கு அந்தச் செய்தியை எழுதினேன். எண்களை எழுதினேன். வாசல்வரை போய்த் திரும்பியதை எழுதவில்லை, அது செய்தியல்ல.

1997 ஒக்டோபர் 12இல் திறக்கப்பட்ட அந்த இரட்டைக் கோபுரத்துக்கு அருகிலும் மூன்று நாள்களில் குண்டு வெடித்தது. கோட்டை முள்வேலிக்குள் போனது. ஆங்கிலேயர் இடித்த மதிலை நாங்கள் மணல்மூட்டையாலும் தகரப் பீப்பாயாலும் மீண்டும் கட்டினோம். கடைகள் மூடப்பட்டன, அலுவலகங்கள் இடம்பெயர்ந்தன, மாலை ஆறு மணிக்கு மேல் சதாம் வீதியில் நாய்களும் காவலர்களும் மட்டுமே. இரவுப் பணி முடிந்து அதிகாலையில் நடக்கும்போது, அடையாள அட்டையைச் சட்டைப்பையில் அல்லாது கையிலேயே பிடித்திருப்பேன். பையினுள் கைவிடுவது ஆபத்து. பெயரை வாசித்ததும் மின்சூளின் ஒளி முகத்துக்கு உயரும். அக்காலத்தில் கோட்டையில் எனக்குத் தெரிந்த இரவு வாழ்க்கை இதுதான்.

ஆகவே அந்த முற்றத்து இசையையும் சிரிப்பையும் பழிக்க என்னால் இயலவில்லை. இடிந்து கிடந்த கட்டடத்தைவிட நண்டு விற்கும் கட்டடம் மேல். ஆயினும் சுவர்களை அவ்வளவு வெண்மையாகப் பூசியிருக்கவேண்டியதில்லை என்று தோன்றியது. ஒல்லாந்தர் காலத்தை விரிவாகக் கூறும் சுற்றுலாக் கையேடுகள், நேற்று நடந்ததை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. முந்நூறு ஆண்டுக்கு முந்திய நோயாளி பசியைக் கெடுப்பதில்லை.

பிள்ளை நெடுநேரம் பேசவில்லை. தட்டில் பாதி மிஞ்சியது. பரிசாரகன், இருபது வயது இருக்கும், சிங்களத்தில் "பார்சல் செய்யவா?" எனக் கேட்டான். ஓம் என்றேன்.

சதாம் வீதி முனைக்கு நடந்தோம். அங்கே மணிக்கூட்டுக் கோபுரம். ஆளுநர் சேர் ஹென்றி வார்டின் மனைவி வடிவமைத்து 1857இல் முடிந்தது. சில ஆண்டுகளில் அதன் உச்சியில் கலங்கரை விளக்கையும் ஏற்றினர். கட்டடங்கள் உயர்ந்து கடலை மறைக்கவே 1952இல் விளக்கை அணைத்துவிட்டனர். 1872இல் வாங்கிய மணிக்கூட்டைச் செலவுக்கு அஞ்சி நாற்பதாண்டுகள் களஞ்சியத்தில் போட்டுவைத்த கதையைச் சொல்லத் தொடங்கினேன். அவள் கேட்கவில்லை, தந்தையை அழைத்துக்கொண்டிருந்தாள். அங்கே முற்பகல்.

"அப்பா, நான் சதாம் வீதியிலை நிக்கிறன்."

மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, "ஆரோடை?" என்றார். பெரியப்பாவுடன் என்றாள். "சுங்கப் பக்கம் காட்டு பாப்பம்" என்றார். அவள் தொலைபேசியைத் துறைமுகத் திசைக்குத் திருப்பிப் பிடித்தாள். இருட்டில் ஒரு பாரந்தூக்கியின் சிவப்பு விளக்கைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. தம்பி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெட்டும்படி அவரும் சொல்லவில்லை, அவளும் வெட்டவில்லை. உணவுப் பொதியைப் பிடித்தபடி நான் முச்சக்கரவண்டி ஒன்றை மறிக்கப் போனேன்.