பொரிப்பகத்து வாசலுக்கு அப்பால்: சால்மன் பண்ணைகளுக்கான துப்புரவு மீன் வளர்ப்பின் வளர்ச்சி வரலாறு

முன்னுரை

மீன் வளர்ப்பில் ஒரு பொரிப்பகத்தின் வெற்றியை அளப்பது எளிது. எத்தனை முட்டை பொரிந்தது, எத்தனை குஞ்சு தேறியது, எத்தனை நாளில் எத்தனை கிராம் எடை வந்தது என்று கணக்குப் பார்த்தால் போதும். துப்புரவு மீனுக்கு மட்டும் இந்தக் கணக்கு போதாது. அது தட்டுக்கு வருகிற மீன் அல்ல. சால்மன் கூண்டுக்குள் இறங்கி, சால்மனின் தோலில் ஒட்டியிருக்கும் கடல் பேன்களைப் பொறுக்கித் தின்பதற்காக வளர்க்கப்படுவது. கூண்டுக்குள் விட்ட சில வாரங்களிலேயே இறந்துபோகும் குஞ்சும் பொரிப்பக ஏட்டில் 'உற்பத்தி'யாகவே பதிவாகிறது.

நார்வேயிலும் ஸ்காட்லாந்திலும் 1980களின் இறுதி முதல் இன்றுவரை இந்த வளர்ப்பு முறை எப்படி மாறிவந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வேறு மீன்களிடமிருந்து இரவல் வாங்கிய முறைகளில் தொடங்கிய இத்தொழில், அந்தந்த மீனின் உடலையும் பழக்கத்தையும் கவனித்த இடங்களில்தான் உண்மையாக முன்னேறியது என்பதும், பொரிப்பகத்து வாசலைத் தாண்டிய வாழ்க்கையைக் கணக்கில் சேர்க்கத் தாமதித்ததே இதன் பெருங்குறை என்பதும் இதன் கருத்து.

1. மருந்தும் மீனும்

சால்மனின் தோல், சளி, இரத்தம் ஆகியவற்றை உண்டு வாழும் சிறு ஓட்டுடலி கடல் பேன். அட்லாண்டிக் சால்மனை வதைப்பதில் முதலிடம் லெப்பியோஃப்தீரஸ் சால்மோனிஸ் என்ற இனத்துக்கு. கூண்டுகளில் லட்சக்கணக்கான மீன்கள் நெருக்கமாக வாழத் தொடங்கியதும் பேனுக்கு ஓயாத விருந்து கிடைத்தது. 1970களில் டிரைக்ளோர்ஃபான், பின்னர் டைகுளோர்வாஸ் என்று ஆர்கனோபாஸ்பேட் மருந்துக் குளியல்களை நம்பியே பண்ணைகள் நடந்தன.

1973இல் ஜி. டபிள்யூ. பாட்ஸ், பிரிட்டிஷ் கடல்களின் ராஸ் மீன்கள் பிற மீன்களின் உடலைச் சுத்தம் செய்வதை, குறிப்பாக கார்க்விங் ராஸின் நடத்தையை, பதிவு செய்திருந்தார். வெப்பக் கடல் பவளத்திட்டுகளில் மட்டும் நடப்பதாகக் கருதப்பட்ட பழக்கம் குளிர்க் கடலிலும் உண்டு என்பது அதனால் தெரிந்தது. இதைப் பண்ணைக்குக் கொண்டுவந்தவர் பெர்கனைச் சேர்ந்த ஆய்வாளர் ஓஸ்மண்ட் பியோர்டால். 1987-88 வாக்கில் அவர் கோல்ட்சின்னி, ராக் குக் முதலிய சிறு ராஸ் மீன்களைச் சால்மனோடு சேர்த்து விட்டார். பேன்கள் குறைந்தன. சில ஆண்டுகளில் ஸ்காட்லாந்துப் பண்ணைகளும் இதைச் செய்து பார்த்தன.

ஆனால் இந்த முதல் அலை நீடிக்கவில்லை. 1998இல் ஸ்காட்லாந்தில் சால்மனின் தொற்று இரத்தச்சோகை நோய் பரவியதும், வெளியிலிருந்து மீன்களைக் கொண்டுவந்து கூண்டில் விடுவதற்கே அச்சம் எழுந்தது. அதை ஒட்டி எமாமெக்டின் பென்சோயேட் தீவன மருந்தாக வந்தது. உணவோடு கலந்து கொடுத்தாலே பேன் சாகும் என்றான பிறகு ராஸ் மீனைத் தேடுவாரில்லை. நார்வேயில் மட்டும் சிறிய அளவில் இது தொடர்ந்தது. 2000களின் இறுதியில் பேன்கள் அந்த மருந்துக்கும் எதிர்ப்புத்திறன் பெற்றபோதுதான் துப்புரவு மீனுக்கு இரண்டாவது வாழ்வு வந்தது. ஒரு சால்மனுக்கு வளர்ந்த பெண் பேன் சராசரியாக 0.5க்கு மேல் போகக் கூடாது, இளஞ்சால்மன் கடலுக்குப் புறப்படும் வசந்த வாரங்களில் 0.2 என்ற நார்வேயின் விதிகள் அந்தத் தேவையை மேலும் இறுக்கின.

2. பிடித்த மீனின் எல்லை

தேவை பெருகியபோது முதலில் கை நீண்டது கடலை நோக்கித்தான். நார்வே கடற்கரையில் சிறு பொறிகளும் கூண்டு வலைகளும் வைத்துப் பிடித்த ராஸ் மீன்களின் எண்ணிக்கை 2017இல் இரண்டு கோடியைத் தாண்டியது. ஆண்டுக்கு 1 கோடியே 80 லட்சம் என்று உச்சவரம்பும் வைக்கப்பட்டது. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் பிடித்த மீன்கள் உயிரோடு லாரிகளில் ஸ்காட்லாந்து போயின.

இதில் மூன்று சிக்கல்கள் தெரிந்தன. முதலாவது, இருப்பின் மீதான சுமை. ராஸ் மீன்கள் இருந்த இடத்தை விட்டு அதிகம் நகராதவை. கார்க்விங் ஆண்கள் பாசியால் கூடு கட்டி முட்டைகளைக் காப்பவை. ஓரிடத்தில் தொடர்ந்து பிடித்தால் அவ்விடம் வெறுமையாகிவிடும். இரண்டாவது, நோய். 2012இல் ஷெட்லாந்தில் ராஸ் மீன்களில் விஎச்எஸ் என்ற வைரஸ் நோய் கண்டறியப்பட்டது. மூன்றாவது, கலப்பு. தெற்கிலிருந்து கொண்டுவந்த கார்க்விங் மீன்கள் நார்வேயின் ஃப்ளாட்டாங்கர் பகுதியில் கூண்டிலிருந்து தப்பி உள்ளூர்க் கார்க்விங் கூட்டத்தோடு கலந்ததை 2018இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. பொரிப்பகத்தில் வளர்த்த, நோயற்ற, உள்ளூர்த் தாய்மீனிலிருந்து வந்த குஞ்சு என்பதே இம்மூன்றுக்கும் ஒருசேர விடையாகத் தோன்றியது.

3. பேலன் ராஸ்: வயிறில்லாத மீன்

வளர்ப்புக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டது ராஸ் மீன்களில் பெரிதும் வலியதுமான பேலன் ராஸ். பெரிய சால்மனோடும் தாக்குப்பிடிக்கும் என்பதே காரணம். 2010ஐ ஒட்டி நார்வேயின் ஆஸ்டேவோல் ஆய்வு நிலையத்திலும், ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தின் மாக்ரிஹானிஷ் ஆய்வகத்திலும் பணிகள் வேகமெடுத்தன. காட் மீன் வளர்ப்பு சரிந்த காலம் அது. காட் குஞ்சுகளுக்காக உருவான தொட்டிகளும், லார்வா இரையான ரோட்டிஃபர் என்ற நுண்விலங்கின் வளர்ப்பும், கைத்திறனும் அப்படியே பேலன் ராஸுக்கு வந்தன. இந்த இரவல்தான் தொடக்கத்தைச் சாத்தியமாக்கியது. சிக்கலும் இதிலிருந்தே வந்தது.

முதல் முரண் முட்டையிலேயே இருந்தது. காட் முட்டை நீரில் மிதக்கும். வலையால் அள்ளிக் கழுவி அடைக்கு வைக்கலாம். பேலன் ராஸின் முட்டை பசை பூசியது. தாய்மீன் தொட்டியின் தரையில் விரித்த பாய்களில் அது அடுக்காக ஒட்டிக்கொள்ளும். அந்தப் பாயைத் தூக்கிப் பொரிப்புத் தொட்டியில் தொங்கவிடுவார்கள். பசைக்கிடையே கழிவும் நுண்ணுயிரும் தங்கும். எத்தனை முட்டை என்று எண்ணவும் முடியாது. கிருமிநீக்கமும் சரியாக நடக்காது. அல்கலேஸ் என்ற புரதநொதிக் கரைசலில் முக்கிப் பசையைக் கரைக்கும் முறை பிறகுதான் வந்தது. அதன்பின் முட்டைகளைத் தனித்தனியாகக் கழுவி, காற்று ஊதும் கூம்புத் தொட்டியில் சுழலவிட முடிந்தது.

இரண்டாவது முரண் தாய்மீனில். பேலன் ராஸ் எல்லாமே பெண்ணாகப் பிறக்கின்றன. பல ஆண்டுகள் கழித்துச் சில மட்டும் ஆணாகின்றன. ஓர் ஆண் பல பெண்களோடு ஓர் எல்லையைக் காத்து வாழும். எனவே பொரிப்பகத்திலேயே பிறந்த தலைமுறையிலிருந்து ஆண் தாய்மீன் பெறுவதற்கு நீண்ட காலம் காத்திருக்க வேண்டியிருந்தது; அதுவரை கடலில் பிடித்த தாய்மீன்களையே நம்ப வேண்டியதாயிற்று.

மூன்றாவதும் மிக ஆழமானதுமான முரண் குடலில். ராஸ் மீன்களுக்கு இரைப்பை கிடையாது. 2018இல் காய் கிறிஸ்டோஃபர் லீயின் குழு வெளியிட்ட பேலன் ராஸ் மரபணுத் தொகுப்பு, இரைப்பை அமிலத்துக்கும் பெப்சினுக்கும் உரிய மரபணுக்களையே இந்த மீன் இழந்துவிட்டதைக் காட்டியது. உணவைத் தேக்கிவைக்க இடமில்லாத மீன், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்க வேண்டிய மீன். சால்மனுக்கும் காட்டுக்கும் எழுதிய தீவனச் சூத்திரம் இதற்கு எப்படிப் பொருந்தும்? நார்வேயின் உணவூட்ட ஆய்வுகள் ஏறக்குறைய 65 விழுக்காடு புரதம், 12 விழுக்காடு கொழுப்பு, 16 விழுக்காடு மாவுச்சத்து என்ற விகிதத்தைப் பரிந்துரைத்தன. எண்ணெய் மிகுந்த சால்மன் தீவனத்திலிருந்து இது வெகு தூரம். இறால் மாவு சேர்த்ததும் மீன்கள் விரும்பித் தின்றன. கடலில் இவற்றின் இரை ஓட்டுடலிகளே என்பதால் இதில் வியப்பில்லை.

லார்வா உணவிலும் இதே திருப்பம் நிகழ்ந்தது. பொரிந்து வரும்போது சுமார் 4 மில்லிமீட்டர் நீளமுள்ள லார்வாவுக்கு முதலில் ரோட்டிஃபர், பிறகு நம் ஊர் இறால் பொரிப்பகங்களிலும் நன்கு பழக்கமான ஆர்ட்டீமியா என்பதே வழக்கம். இரண்டும் கடல்மீன் லார்வாவின் இயற்கை இரை அல்ல. எண்ணெய்க் குழம்பில் ஊறவைத்து, தேவையான கொழுப்பமிலங்களை அவற்றுக்குள் ஏற்றித்தான் கொடுக்க வேண்டும். 2017இல் ட்ரொண்ட்ஹைம் ஆய்வாளர்கள் அகார்ஷியா டோன்சா என்ற கோப்பிபாட் வகைச் சிறு ஓட்டுடலியை வளர்த்து, காட், பேலன் ராஸ் லார்வாக்களுக்குத் தொடக்க உணவாக ஊட்டிப் பார்த்து, வளர்ச்சி மேம்படுவதைக் காட்டினர். உறைநிலையில் சேமித்த, கொட்டலசின் இளநிலை லார்வாக்களான நாப்ளியஸ்களும் சந்தைக்கு வந்தன. முதல் சில வாரங்களின் உணவு முதுகெலும்பின் தரத்தோடு தொடர்புடையது என்ற புரிதல் பரவியபோது, தொடக்க உணவு என்பது உயிர்பிழைப்பு விகிதத்தை மட்டும் பொறுத்த கேள்வியாக இருப்பது நின்றது.

இத்தனைக்குப் பிறகும் கூண்டில் விடத்தக்க அளவை எட்டப் பேலன் ராஸுக்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு பிடித்தது. உற்பத்தி லட்சங்களிலேயே நின்றது, தேவையோ கோடிகளில்.

4. லம்ப் மீன்: வேகமும் அதன் விலையும்

இந்த இடைவெளியில் நுழைந்தது லம்ப் மீன். வயிற்றுப்புறத்தில் ஒட்டுவட்டு கொண்ட, பந்து போன்ற குளிர்க் கடல் மீன் இது. நீர் குளிர்ந்ததும் ராஸ் மீன்கள் ஒடுங்கிவிடும். லம்ப் மீனோ குளிர்காலத்திலும் சுறுசுறுப்பாக இரை தேடும். அல்பர்ட் இம்ஸ்லாந்தும் அவர் குழுவினரும் 2014 முதல் வெளியிட்ட கூண்டுப் பரிசோதனைகள் இது பேனைத் தின்பதை உறுதிப்படுத்தின.

பொரிப்பகத்தின் பார்வையில் இது வரம். ஒரு பெண் மீனிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டை கிடைக்கும். லார்வா பெரிதாகவே பொரிவதால் மிகச் சீக்கிரமே உலர்தீவனம் எடுக்கும். சில மாதங்களில் 20 கிராம் எட்டிவிடும். பசை முட்டை என்ற சிக்கல் இங்கும் உண்டு. பசைநீக்கக் குளியல் அதற்குக் கைகொடுத்தது. விந்து எளிதில் கறக்க வராது. ஆண் மீனைக் கொன்று விரையைப் பிரித்தெடுத்தே பெரும்பாலும் பெற்றார்கள். ஒளிநேரத்தை மாற்றி ஆண்டு முழுவதும் முட்டை பெறவும் கற்றார்கள். 2012ஐ ஒட்டித் தொடங்கிய உற்பத்தி சில ஆண்டுகளிலேயே கோடிகளை எட்டியது. 2019இல் நார்வேயின் கூண்டுகளில் விடப்பட்ட எல்லாவகைத் துப்புரவு மீன்களும் சேர்ந்து சுமார் 6 கோடி. அதில் பெரும்பங்கு லம்ப் மீனே.

ஆனால் வேகமாக வளர்வதே இதன் குறையும் ஆயிற்று. பெரிதாகிப் பருவமடைந்த லம்ப் மீன் பேனை விட்டுவிட்டுத் தீவனத்துக்கே போகும். எனவே பொரிப்பகத்தில் கொழுக்கவைத்த குஞ்சு, கூண்டில் வேலை செய்யும் காலம் சுருங்குகிறது. எடை கூடுவதே வெற்றி என்ற மீன் வளர்ப்பின் அடிப்படை விதி இங்கே தலைகீழாகிறது. தொட்டி நெரிசலில் குஞ்சுகள் ஒன்றன் வாலை ஒன்று கடிக்கும். அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்புரை, ஒட்டுவட்டுக் குறைபாடு, ஏரோமோனாஸ், விப்ரியோ, பாஸ்டுரெல்லா தொற்றுகள் என்று பட்டியல் நீண்டது. தடுப்பூசி வழக்கமானாலும் எல்லா நோய்க்கும் அது காப்பாகவில்லை.

5. கூண்டுக்குப் பழக்குதல்

அடுத்த கட்டத்தின் கேள்வி வேறு: பேனையே பார்த்திராத குஞ்சு பேனைத் தின்னுமா? ஆஸ்டேவோலில் ஆன் பெரிட் ஷிஃப்டெஸ்விக் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு, வளர்ப்புப் பேலன் ராஸும் கடலில் பிடித்ததும் ஒரே மாதிரி பேன் தின்பதைக் காட்டியது. உள்ளுணர்வு அழியவில்லை. அப்படியானால் கூண்டில் தோற்பது எது?

விடை, தொட்டிக்கும் கூண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் இருந்தது. வழவழப்பான வெற்றுத் தொட்டியில், மேலிருந்து விழும் தீவன உருண்டையை நம்பி, நீரோட்டமில்லாமல் வளர்ந்த மீன், ஒரே நாளில் அலையும் நீரோட்டமும் பெரிய சால்மன் கூட்டமும் உள்ள இடத்தில் விடப்படுகிறது. உருண்டை விழுந்தால் சால்மன் முந்திக்கொள்கிறது. இரவில் ஒதுங்கி உறங்க ராஸுக்கு மறைவிடம் இல்லை. ஒட்டி ஓய்வெடுக்க லம்ப் மீனுக்குப் பரப்பு இல்லை.

இதற்கான மாற்றங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கெல்ப் என்ற கடற்பாசியைப் போன்ற நெகிழி நாடாக்களைக் கூண்டில் மட்டுமின்றி, கடைசி வாரங்களில் பொரிப்பகத் தொட்டியிலும் தொங்கவிட்டார்கள். அகர் கலந்து கட்டியாக உறையவைத்த தீவனத்தை மறைவிடத்தருகே கட்டினார்கள். பேலன் ராஸ் அதைத் தன் இயல்புப்படி நாள் முழுக்கக் கொறித்துத் தின்றது. இரைப்பையில்லாக் குடலுக்கும் இது ஒத்துவந்தது. இந்தக் கட்டியைப் பொரிப்பகத்திலேயே பழக்கிவிட்டால் கூண்டில் பட்டினி குறையும். மறுபுறம், லம்ப் மீனில் பேன் தின்னும் நாட்டம் பெற்றோர் வழி வேறுபடுவதை இம்ஸ்லாந்து குழு 2016இல் சுட்டிக்காட்டியது. எடையை விட்டு வேலைத்திறனை வைத்துத் தாய்மீன் தேர்ந்தெடுக்கலாம் என்ற எண்ணத்துக்கு அது அடித்தளம்.

6. கணக்கு திறந்தபோது

2018-19இல் நார்வே உணவுப் பாதுகாப்பு ஆணையம் பண்ணைகளின் துப்புரவு மீன் நிலையை நாடளாவிய அளவில் ஆராய்ந்தது. பண்ணைகள் தாமே தெரிவித்த இறப்பின் நடுமதிப்பு 42 விழுக்காடு. செத்த மீன்கள் பல கண்ணில் படாமலே மக்கிப்போவதால் உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். பேன் நீக்கக் கையாண்ட வெந்நீர், தூரிகை, பீய்ச்சுநீர் முறைகளும் கூண்டிலிருந்த துப்புரவு மீன்களைக் கொன்றன. அதன்பின் லம்ப் மீன் பயன்பாடு சரியத் தொடங்கியது.

முடிவுரை

இவ்வரலாற்றில் பொரிப்பகத் தொழில்நுட்பம் தோற்கவில்லை. பசை முட்டை, இரைப்பையில்லாக் குடல், லார்வா உணவு ஆகிய ஒவ்வொன்றிலும், இரவல் முறையைக் கைவிட்டு அந்த மீனின் உடலைக் கேட்டபோது விடை கிடைத்தது. தோற்றது அளவுகோல். குஞ்சுகளை எண்ணி விலை பேசும் வரை, எண்ணிக்கையைப் பெருக்குவதே பொரிப்பகத்துக்கு லாபம். கூண்டில் அவை எத்தனை மாதம் உயிரோடிருந்து வேலை செய்தன என்பது எவர் ஏட்டிலும் ஏறாது. பொரிப்பகமும் பண்ணையும் ஒரே தொகுதி எண்ணால் மீனைப் பின்தொடர்ந்து, கூண்டுக்காலப் பிழைப்பையே தரமாக வைத்து விலை நிர்ணயித்தால்தான் இத்துறையின் அடுத்த மேம்பாடு சாத்தியம். அப்போதும் பேலன் ராஸுக்கோ லம்ப் மீனுக்கோ கூண்டு ஏற்ற வாழிடமில்லை என்று அந்த ஏடு காட்டக்கூடும். அப்படிக் காட்டினால், குஞ்சு வளர்ப்பைச் செம்மைப்படுத்துவதை நிறுத்திவிட்டு மீனைப் பயன்படுத்துவதையே கைவிடுவதுதான் நேர்மையான முடிவாக இருக்கும்.