வண்ணத்துப்பூச்சித் தாவரங்கள் (செஞ்சி வட்டாரம்)

விழுப்புரம் மாவட்டம் செஞ்சிக் கோட்டையைச் சூழ்ந்த வறண்ட சமவெளியின் வீட்டுத் தோட்டங்களில் வளர்ந்து, வண்ணத்துப்பூச்சிகளுக்கு உணவாகும் செடி, கொடி, மரங்கள். புழு தின்னும் இலைத் தாவரங்கள், முதிர்ந்த பூச்சி உண்ணும் தேன் தாவரங்கள் என இவை இரு வகைப்படும். பெரும்பாலான இனங்கள் குறிப்பிட்ட சில தாவரங்களில் மட்டுமே முட்டையிடுவதால் முதல் வகையே முதன்மையானது.

எலுமிச்சை, கறிவேப்பிலை, வில்வம் ஆகியவற்றை எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும் நாடுகின்றன. இவற்றின் இளம்புழு பறவை எச்சம்போல் தோன்றும், வளர்ந்தபின் பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னிருந்து கவைபோன்ற உறுப்பை நீட்டி நெடி வீசும். எருக்கு வெந்தய வரியனுக்கும், கொன்றை, ஆவாரை ஆகியவை கொன்னை வெள்ளையனுக்கும் உரியவை. ஆடுதீண்டாப்பாளையைத் தின்னும் சிவப்புடல் அழகி அதன் நச்சை உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தவிர்க்கின்றன. கறிவேப்பிலை அழகியின் பெண்பூச்சிகளில் ஒரு வடிவம் நச்சின்றியே சிவப்புடல் அழகியின் தோற்றத்தை ஏற்றுத் தப்புகிறது.

தேனுக்கு இட்லிப்பூவும் வெட்டுக்காயப்பூண்டும் ஏற்றவை. உண்ணிச்செடியும் தேன் தரும். ஆயினும் அது அயல்நாட்டு ஆக்கிரமிப்புச் செடி, நடத்தக்கதன்று. கிலுகிலுப்பையின் வாடிய பகுதிகளிலிருந்து ஆண் வரியன்கள் இனச்சேர்க்கைக்குரிய மணப்பொருளின் மூலத்தை உறிஞ்சுகின்றன.

வடகிழக்குப் பருவமழை தரும் தளிர்கள் புழுக்களுக்கு உகந்தவை. பூச்சிக்கொல்லி தெளித்த செடியில் புழுக்கள் பிழைப்பதில்லை.