தொட்டில் போர்வை, 1836

எங்கள் வீட்டில் குழந்தை பிறக்கும் முன்னே புதுத்துணி எடுக்கமாட்டார்கள். பாட்டியின் பழைய நூல் சேலைகளைத் துவைத்து, கிழித்து, மடித்து வைப்பார்கள். தூளி கட்டவும் அதுதான், துடைக்கவும் அதுதான். கைவேலை தெரிந்த அத்தை ஒருத்தி நாலைந்து துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுக் குழந்தைக்கு விரிப்பு செய்வாள். பிள்ளை வளர்ந்ததும் அது கரித்துணியாகிவிடும். யார் தைத்தது, எப்போது தைத்தது என்று எந்தக் குடும்பமும் எழுதி வைத்ததில்லை.

அதனால் ஒரு குழந்தைப் போர்வைக்கு ஆண்டும் விலையும் தைத்தவர் பெயரும் பதிவாகியிருக்கிறது என்று அறிந்தபோது, அதைவிட்டு நகர முடியவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம், 1836 டிசம்பர். அடிமைமுறைக்கு எதிரான பெண்கள் சங்கம் நிதி திரட்ட ஒரு கைவினைச் சந்தை நடத்தியது. அங்கே விற்பனைக்கு வந்த பொருள்களில் ஒன்று தொட்டில் போர்வை. அச்சிட்ட பருத்தித் துணிகளைச் சிறு சிறு முக்கோணங்களாகவும் சதுரங்களாகவும் வெட்டி, நட்சத்திரம் நட்சத்திரமாக இணைத்துத் தைத்த ஒட்டுத்துணிப் போர்வை. நடுவில் உள்ள நட்சத்திரத்தில் மட்டும் அழியாத மையால் ஒரு செய்யுள் எழுதப்பட்டிருந்தது. உன் பிள்ளையை அணைத்துக்கொள்ளும் வேளையில், தன் பிள்ளையைப் பறிகொடுத்த கருப்பினத் தாயை நினைத்து அவளுக்காக வேண்டிக்கொள் என்று அது தாயிடம் சொல்கிறது. தைத்தவர் லிடியா மரியா சைல்ட். அது 5 டாலருக்குப் போனது என்று அவரே ஒரு கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். அந்தப் போர்வை என்று கருதப்படுவது இன்றும் நியூ இங்கிலாந்தின் ஒரு வரலாற்றுச் சேகரிப்பில் பத்திரமாக இருக்கிறது.

சைல்ட் என்பது கணவர் வழி வந்த குடும்பப் பெயர். ஆங்கிலத்தில் குழந்தை என்று பொருள். அவருக்குக் குழந்தைகள் இல்லை. ஆனால் அந்தக் காலத்து அமெரிக்கத் தாய்மார்கள் பிள்ளை வளர்ப்பையும் வீட்டுச் சிக்கனத்தையும் அவர் புத்தகங்களைப் பார்த்துத்தான் கற்றார்கள். குழந்தைகளுக்கென்று ஒரு பத்திரிகையும் நடத்தினார். 1829இல் வந்த அவருடைய சிக்கனப் புத்தகத்தில் ஒட்டுத்துணித் தையலைப் பற்றி ஒரு கிண்டல் உண்டு. நல்ல துணியைக் கிழித்து மறுபடியும் வேறு வடிவத்தில் சேர்ப்பது வீண் வேலைதான். ஆனால் பெரிய குடும்பத்தில் கைகள் சும்மா இராமல் இருக்கவும் சில காசு மிச்சமாகவும் உதவும் என்கிறார். ஏழு ஆண்டு கழித்து அதே வீண் வேலையை அவரே செய்தார்.

இடையில் நடந்தது 1833. அடிமைமுறையை உடனே ஒழிக்கவேண்டும், கருப்பின மக்களுக்குச் சம உரிமை வேண்டும் என்று அவர் ஒரு புத்தகம் எழுதினார். பாஸ்டன் கனவான்கள் அவரைக் கைவிட்டார்கள். பாஸ்டன் அத்தீனியம் நூலகத்தில் அவருக்குத் தந்திருந்த சலுகை பறிக்கப்பட்டது. சந்தாதாரர்கள் விலக, பிள்ளைகளுக்கான பத்திரிகை அடுத்த ஆண்டே அவர் கையைவிட்டுப் போனது. கணவரோ கடனாளி. மணமான பெண்ணின் சம்பாத்தியம் சட்டப்படி கணவனுடையது என்றிருந்த காலம் அது, ஓட்டும் கிடையாது. அப்படிப்பட்ட பெண்களிடம் ஓர் இயக்கம் நடத்த என்ன இருந்தது? ஊசி இருந்தது. கிறிஸ்துமஸும் புத்தாண்டும் நெருங்கும்போது பரிசுப் பொருள்கள் விற்கும் சந்தையை 1834இல் சைல்டும் அவர் தோழி லூயிசா லோரிங்கும் தொடங்கினார்கள். ஊசி உறைகளிலும் பேனா துடைக்கும் துணிகளிலும் கூட முழக்கங்களைப் பொறித்து விற்றார்கள். ஊசி முனை அடிமை முதலாளியின் மனச்சாட்சியைக் குத்தட்டும் என்பது ஒன்று.

இதைச் சீமாட்டிகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் 1835 அக்டோபர் 21 அன்று இந்தச் சங்கத்தின் கூட்டத்தைக் கலைக்க ஆயிரக்கணக்கான ஆண்கள் திரண்டார்கள். நகர மேயர் பெண்களைக் கலைந்து போகச் சொன்னார். வெள்ளையினப் பெண்ணும் கருப்பினப் பெண்ணும் ஜோடி ஜோடியாகக் கைகோத்து அந்தக் கூட்டத்தின் நடுவே நடந்து வெளியேறினார்கள். கருப்பின ஆசிரியை சூசன் பால் இந்தச் சங்கத்தின் உறுப்பினர். அவர்களுடைய தையலைப் பற்றிப் பேசும்போது இந்த நடையையும் சேர்த்தே பேசவேண்டும்.

இனி, போர்வை தைக்கப்பட்ட அந்த ஆண்டின் கோடைக்கு வருகிறேன். நியூ ஆர்லியன்ஸிலிருந்து மேரி ஸ்லேட்டர் என்ற பெண் பாஸ்டனில் இருந்த தன் தகப்பனார் தாமஸ் ஏவ்ஸ் வீட்டுக்கு வந்தார். கூடவே ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியை அழைத்து வந்தார். அவள் பெயர் மெட். ஸ்லேட்டர் குடும்பத்தின் அடிமை, அதாவது அவர்களுடைய சொத்து. விஷயம் பெண்கள் சங்கத்துக்குத் தெரியவந்தது. வழக்குத் தொடுக்க ஏற்பாடு செய்தார்கள். மெட்டுக்காக நின்ற வழக்கறிஞர்களில் லூயிசாவின் கணவர் எல்லிஸ் கிரே லோரிங்கும் ஒருவர். ஆகஸ்ட் மாதம் தலைமை நீதிபதி லெமுவேல் ஷா தீர்ப்பளித்தார்: எஜமானர்களே மாசசூசெட்ஸுக்கு அழைத்துவந்த அடிமையை அவர் விருப்பத்துக்கு மாறாக இங்கிருந்து கொண்டுபோக முடியாது. மெட்டுக்கோ விருப்பத்தைத் தெரிவிக்கும் வயதில்லை. அவளைக் காப்பில் ஒப்படைத்தார்கள்.

பெரிய வெற்றி. தென்மாநில முதலாளிகள் ஆடிப்போனார்கள். பெண்கள் கொண்டாடினார்கள். 1772இல் இங்கிலாந்தில் விடுதலை பெற்ற சாமர்செட்டின் நினைவாக அவளுக்கு மரியா சாமர்செட் என்று பெயர்கூட மாற்றினார்கள்.

மெட்டின் தாய் நியூ ஆர்லியன்ஸில் இருந்தாள். அடிமையாக. கூடப் பிறந்தவர்களும் அங்கேதான். விடுதலை கிடைத்த சிறுமி தாயிடம் திரும்பிப் போக வழியில்லை, போனால் மறுபடி அடிமை. தாய் இங்கே வரவும் வழியில்லை. மெட் ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்தில் சேர்க்கப்பட்டாள். இரண்டே ஆண்டில் இறந்துபோனாள். அதன்பிறகு சங்கத்தார் அவளைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் தீர்ப்பு. டிசம்பரில் போர்வை. பிள்ளையைப் பறிகொடுத்த கருப்பினத் தாயை நினைத்துக்கொள் என்று அழியாத மையில் எழுதப்பட்டபோது, அப்படி ஒரு தாய் நியூ ஆர்லியன்ஸில் நிஜமாகவே இருந்தாள். அவள் பிள்ளை பாஸ்டனிலேயே இருந்தது. தைத்தவர் மனதில் மெட் வந்துபோனாளா என்பதைப் போர்வை சொல்லாது. இந்தப் பெண்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் எண்ணமில்லை. வழக்குப் போடாமல் விட்டிருந்தால் மெட் சொத்தாகவே திரும்பியிருப்பாள். தாயிடம் இருந்து எந்த நாளும் விற்கப்பட்டிருக்கலாம். பிரித்தது அடிமைமுறைதான். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. போர்வையின் செய்யுள் பேசுவது தொட்டிலும் பிள்ளையும் கையில் 5 டாலரும் உள்ள தாயிடம். கருப்பினத் தாய் அதில் நினைக்கப்படுகிறவள் மட்டுமே. அவள் தன் பிள்ளைக்கு எதைத் தைத்தாள் என்ற கேள்வி அந்த நட்சத்திரத்துக்குள் இல்லை. அந்தப் பருத்தியைப் பறித்தது யார் கை என்ற கேள்வியும் இல்லை. அடிமைகள் விளைவித்த பருத்தியை வாங்கமாட்டோம் என்று சொன்னவர்கள் இயக்கத்திலேயே இருந்தார்கள். ஆனால் அன்று அமெரிக்காவில் விளைந்த பருத்தியில் பெரும்பங்கு அடிமைகளின் உழைப்புதான்.

கேள்விக்கு விடை இருபத்தைந்து ஆண்டு கழித்து வந்தது, சைல்டின் மேசை வழியாகவே. 1861இல் அவர் பதிப்பாசிரியராக இருந்து ஹேரியட் ஜேக்கப்ஸ் என்ற கருப்பினப் பெண்ணின் தன்வரலாறு வெளியானது. வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில் அடிமையாகப் பிறந்தவர் ஜேக்கப்ஸ். எஜமானரின் பாலியல் தொல்லையிலிருந்து தப்ப, 1835இல் தன் பாட்டி வீட்டுக் கொட்டகையின் கூரைக்கும் பரணுக்கும் இடையே ஒளிந்துகொண்டார். ஒன்பது அடி நீளம், ஏழு அடி அகலம், உயரமான இடத்தில் மூன்று அடி. நிமிர்ந்து நிற்க முடியாது. 1842 வரை, ஏறக்குறைய ஏழு ஆண்டு அங்கேயே இருந்தார். ஆக, பாஸ்டன் சந்தையில் தொட்டில் போர்வை விலை போன அந்த டிசம்பரிலும் அவர் அந்தப் பரணில்தான் கிடந்தார்.

அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். இருவரும் கீழே பாட்டி வீட்டில். தாய் ஓடிப்போய்விட்டாள் என்பதுதான் அவர்களுக்குத் தெரியும். பலகையில் ஓர் அங்குலம் துளையிட்டு அதன் வழியாக அவர் பிள்ளைகளைப் பார்த்தார். அந்தத் துளையில் வரும் வெளிச்சத்தில் படித்தார், தைத்தார். கிறிஸ்துமஸ் வந்தபோது பிள்ளைகளுக்குப் புது உடுப்பும் விளையாட்டுச் சாமான்களும் செய்தார். தைத்த கை யாருடையது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல முடியாது. சொன்னால் எல்லோருக்கும் ஆபத்து.

விடிந்ததும் பிள்ளைகள் புது உடுப்போடு தெருவுக்குப் போவதை அவர் துளை வழியே பார்த்துக்கொண்டிருந்தார். உனக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா ஏதாவது கொண்டுவந்தாரா என்று மகன் விளையாட்டுத் தோழனிடம் கேட்டான். கொண்டுவந்தார்தான், ஆனால் அது நிஜ ஆள் இல்லை, அம்மாக்கள்தான் இதையெல்லாம் வைக்கிறார்கள் என்றான் தோழன். அப்படி இருக்கவே முடியாது என்றான் மகன். எங்களுக்கு இந்தப் புதுத்துணியை அவர்தான் கொண்டுவந்தார், எங்கள் அம்மா போய் எவ்வளவோ நாளாயிற்றே என்றான்.

மேலே இருந்தவர் அதைக் கேட்டார். தைத்தது நான்தான் என்று சொல்ல வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.